என் வாசலுக்கு வராத கல்

பெஸாபி எல்லார் வாசலிலும் பிடரியில் கல்லோடு விழுந்து எழுந்துவிட்டான். என் வாசலுக்கு மட்டும் வரவில்லை.

ஆட்சி மாறியதும் சிறைக்குப் போனவன், வெளியே வந்த மறுமாதமே ஆரம்பித்துவிட்டான். ராணுவ ஆட்சி நடந்த காலத்தில் எங்கள் பேட்டையின் கெபெலே என்கிற வட்டார அலுவலகத்துக்கு அவன்தான் தலைவர். அந்த அலுவலகக் கூடத்தில் அடைத்து வைத்திருந்தவர்களைக் கேட்டு ஒரு சாயங்காலம் சிப்பாய்கள் வந்தார்கள். இவன் சாவியைக் கொடுத்தான். விடிந்தபோது அத்தனை பேரும் ரோட்டோரத்தில் கிடந்தார்கள். சுட்டது இவன் இல்லை, உத்தரவு போட்டதும் இவன் இல்லை. சாவி இவன் சட்டைப் பையில் இருந்தது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்ற வார்த்தையை நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக மென்றுகொண்டிருக்கிறேன். என் புருஷன் இர்தாவும் அந்தக் கூடத்தில் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார். முப்பது வயசு ஆகவில்லை.

எங்கள் கொஜ்ஜாம் பக்கத்தில் மன்னிப்பை ரகசியமாகக் கேட்க முடியாது. பெரியவர்கள் நாலு பேர் முன்னால் போக வேண்டும். தப்பு செய்தவன் பிடரியில் கல்லைச் சுமந்து பின்னால் வந்து, வாசலில் குப்புற விழ வேண்டும். செய்ததை ஒன்று விடாமல் தன் வாயால் சொல்ல வேண்டும். பாதியை மறைத்துக் கேட்டால் அது செல்லாது. வீட்டுக்காரர் "கடவுளுக்காக விட்டேன்" என்று சொன்ன பிறகுதான் கல்லை இறக்கலாம். தெருவே வேலியோரமாக நின்று பார்க்கும்.

அடுத்த வீட்டு யெஷியின் வாசலில் அப்படித்தான் விழுந்தான். அவளுடைய மூத்த பையனும் அந்தக் கூடத்தில் இருந்து செத்தவன். யெஷி அழுதாள், பெரியவர்கள் அழுதார்கள், வேலியோரத்தில் நின்றவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். நானும் நின்றேன். எனக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை, வயிறுதான் எரிந்தது. அன்றிலிருந்து யெஷியின் நடையே மாறிவிட்டது. அந்தக் கல்லை அவள் தூக்கிப் போடவில்லை. வாசலிலேயே வைத்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டினாள்.

"எவ்வளவு கனம்னு நெனைக்கிற? என் மருமகனால ஒத்தையில நகத்த முடியலடி. இத்தாம் பெரிய கல்லோட சந்தை ரோட்ல இருந்து நடந்தே வந்திருக்காரு மனுஷன்!"

"பரவாயில்லையே, உன் பையனுக்கு நல்ல எடைதான் போட்டிருக்கான்" என்றேன்.

ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. நானும் கவலைப்படவில்லை. அதற்குப் பிறகு சந்தைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, மேட்டுத் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேரைப் பறிகொடுத்த வீடு என்று ஒவ்வொன்றாகப் போனான். இன்ன வீட்டில் இன்னார் மயங்கி விழுந்தார்களாம், இன்னார் அவனைக் கட்டிப்பிடித்தாராம் என்று சேதி என் அடுப்படிக்கே வரும். நான் ஓட்டல்களுக்கு இஞ்செரா அப்பம் சுட்டுக் கொடுக்கிறவள். மாவை ஊற்றிக்கொண்டே கேட்பேன். அன்றைக்கு இஞ்செராவில் கண் சரியாக விழாது.

எனக்குப் பொறாமை. வேறு நல்ல பேர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவனை மன்னிக்கவா காத்திருந்தேன்? இல்லவே இல்லை. அவன் வந்து விழ வேண்டும், தெரு முழுக்கப் பார்க்க வேண்டும், நான் "மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். எந்தப் பாவாடை கட்டிக்கொண்டு, எந்தக் குரலில் சொல்வது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். வராதவனிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வது?

ஏன் வரவில்லை என்பதற்கு ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பெஸாபி எனக்குத்தான் பெரியவர்களை அனுப்பிப் பெண் கேட்டான். ஓர் உழவு மாடுகூட இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று என் அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு நான் இர்தாவைக் கட்டிக்கொண்டேன், அவன் அல்கானேஷைக் கட்டிக்கொண்டான். தேடுதல் நடந்தபோது இர்தாவ் எங்கள் வீட்டுக் குதிருக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தார். அடிஸ் அபாபா போய்விட்டார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். சிப்பாய்கள் வந்தார்கள், அங்கும் இங்கும் பார்க்கக்கூட இல்லை, நேரே குதிரிடம் போனார்கள். யாரோ சொல்லித்தானே? யார் சொல்லியிருப்பார்கள்? பெண் கொடுக்காத வஞ்சத்தில் பெஸாபிதான் சொன்னான் என்றது ஊர். மற்றவர்களைப் பயந்து விட்டுக்கொடுத்தான், உன் புருஷனை வேண்டுமென்றே கொடுத்தான், அதனால்தான் உன் வாசல் மிதிக்க முகம் இல்லை என்றார்கள். நானும் அதையேதான் நினைத்தேன்.

இதற்கு நடுவில் அல்கானேஷின் பெருமை ஒன்று. அந்த நாளில் மத்தியானம் அவள் புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டு, கெட்ட கனவு கண்டேன், அவர்களை விட்டுவிடு என்று கெஞ்சினாளாம். அதனால் கோயில் பெண்களுக்கு அவள்தான் எங்கள் ஊர் அப்ரோக்லா. ஆண்டவரைச் சிலுவைக்குக் கொடுத்த பிலாத்துவின் மனைவி அப்ரோக்லாவும் கனவு கண்டு புருஷனைத் தடுத்தவள்தானே. எங்கள் சபையில் அவளும் புனிதர், அவனும் புனிதர். கோயிலில் அல்கானேஷ் வந்தால் பெண்கள் பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். புருஷனைப் பறிகொடுத்த நான் தூணுக்குப் பின்னால் நிற்பேன். கொடுத்தவனின் பெண்டாட்டி முன்னால் நிற்பாள். அவள் புருஷன் சிறையில் இருந்தான் என்றாலும் உயிரோடு இருந்தான். சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்க்க ஓர் ஆள் இருந்தது அவளுக்கு. அந்தச் சோற்றுக் கூடையைப் பார்த்துக்கூட நான் எரிந்திருக்கிறேன்.

பொறுக்க முடியாமல் அபா லிசானேயிடம் போனேன். எனக்கும் அவர்தான் ஆன்மத் தகப்பன், பெஸாபி வீட்டுக்கும் அவர்தான்.

"அபா, பாவசங்கீர்த்தனம் பண்ணணும். பொறாமை."

"யார் மேலம்மா?"

"மொதல்ல யெஷி மேல. அப்புறம் மேட்டுத் தெருக்காரங்க மேல. அல்கானேஷ் மேல ரொம்ப நாளா."

"மன்னிப்பு கேட்டுட்டுப் போன வீட்டு மேலயெல்லாம் பொறாமையா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"அவன் ஏன் என் வாசலுக்கு வரல? உங்களுக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லாமயா இருப்பான்?"

அபா கைச்சிலுவையை ஒரு துணியால் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. "பொறுத்துக்கோ தெப்ரிது" என்றார். வேறெதுவும் அவர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை. பொறுத்துக்கொள்ள எனக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். பாவத்துக்குப் பரிகாரம்கூடக் கேட்டு வாங்கவில்லை.

அப்போதுதான் செனெ மாசத்துக் கோப்பை அல்கானேஷ் வீட்டுக்குப் போனது.

மாசா மாசம் இருபத்தைந்தாம் தேதி புனித மெர்கோரியோஸ் பேரில் கூடுகிற சங்கம் எங்களுடையது. மாசத்துக்கு ஒரு வீடு. அந்த வீட்டில் ரொட்டி சுட்டு, தெல்லா என்கிற வீட்டு பீர் வடித்து வைப்பார்கள். அபா ஜெபித்துக் கோப்பையைத் தொடங்கி வைப்பார். ஒரே கோப்பையிலிருந்து எல்லாரும் ஒரு வாய் குடிப்போம், பிறகு அடுத்த வீட்டுக்காரர் அதைத் துணி போட்டு மூடி எடுத்துப் போவார். ஒரு கண்டிப்பு உண்டு. சங்கத்தில் இருக்கிற ஒருவர்மேல் மனஸ்தாபம் வைத்துக்கொண்டு அந்தக் கோப்பையில் வாய் வைக்கக் கூடாது. யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கோப்பை அங்கேயே நின்றுவிடும். தீர்த்து வைக்கிறவரை ஒருவரும் குடிக்க முடியாது. இதுவரை அல்கானேஷ் வீட்டு முறை வந்தால் எனக்கு இடுப்பு வலி வந்துவிடும், போக மாட்டேன். இந்தத் தடவை போனேன். செனெ இருபத்தைந்து பிலாத்துவின் திருநாளும்கூட.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. உபவாச காலம் என்பதால் இறைச்சி இல்லை, பருப்பும் கீரையும் அவித்த கோதுமையும் வைத்திருந்தார்கள். பெஸாபி வாசல் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கள் கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என் கைக்கு ஊற்றும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்ணீர் பாதி என் பாதத்தில் விழுந்தது.

அபா அன்றைய புனிதர் வரலாற்றை வாசித்தார். பிலாத்து கை கழுவினான், பிறகு மனம் திரும்பினான், கடைசியில் கிறிஸ்துவுக்காகத் தன் தலையையே கொடுத்தான் என்று விளக்கினார். ஆண்டவரைப் பிடித்துக் கொடுத்தவர்கள் பொறாமையில்தான் கொடுத்தார்கள், அது தெரிந்தும் அவன் விட்டுக்கொடுத்தான், அதுதான் அவன் குற்றம் என்றார். அப்ரோக்லாவின் பேர் வந்ததும் பெண்கள் எல்லாரும் அல்கானேஷைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கத்தைப் பார் அடக்கத்தை என்று பல்லைக் கடித்தேன்.

கோப்பை என்னிடம் வந்தது. சங்கத் தலைவர் அத்தோ தஃபெரே நீட்டினார்.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"இடுப்பு வலியாம்மா?"

"இடுப்பு நல்லாத்தான் இருக்கு. மனஸ்தாபம்."

தஃபெரே கோப்பையைத் துணியால் மூடினார். "யாரோட?"

"இந்த வீட்டுக்காரரோட. ஊரெல்லாம் கல்லச் சுமந்தாரே, நான் என்ன புறம்போக்கா? என் புருஷன் மனுஷன் இல்லையா? நாய் பூனையா?"

யெஷி என் முந்தானையை இழுத்தாள். "இன்னைக்குத்தானா இதைப் பேசணும்?" நான் முந்தானையைப் பிடுங்கிக்கொண்டேன்.

பெஸாபி எழுந்து மழையில் வெளியே போனான். வேலிக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைப் பிடரியில் தூக்கி வைத்துக்கொண்டு, சேறு வழிய வந்து என் காலடியில் விழுந்தான். எத்தனை வருஷம் நினைத்துப் பார்த்த காட்சி! என் வாசலில் இல்லை, அவன் வீட்டுப் பாயில். இருந்தாலும் வந்துவிட்டது.

"சொல்லுப்பா, என்ன பண்ணினே?" என்றார் தஃபெரே.

"சாவி என்கிட்ட இருந்துச்சு. கேட்டாங்க. கொடுத்துட்டேன்."

"இது யெஷிக்குச் சொன்னது. எனக்கு உள்ளத முழுசா சொல்லு" என்றேன். "அவரு குதிருக்குப் பின்னால இருக்காருன்னு சிப்பாய்க்கு யாரு சொன்னது? பொண்ணு தரலைங்கற வஞ்சத்துல நீதானே சொன்னே?"

கல்லிலிருந்து சேற்றுத் தண்ணீர் பாயில் சொட்டியது. "சொல்லு!" என்று கத்தினேன்.

"ஆமா" என்றான். "நான்தான் சொன்னேன்."

கிடைத்துவிட்டது. "மாட்டேன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அபாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டது. கேட்கிறவன் தலைமேல் நீட்ட வேண்டிய சிலுவையை அவர் மடிக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"பொய்" என்றது ஒரு குரல். அல்கானேஷ் எழுந்து நின்றாள். "அவரு பொய் சொல்றாரு அக்கா. எனக்காகச் சொல்றாரு. சொன்னது நான்."

"நீ உக்காரு" என்றான் பெஸாபி, தரையில் கிடந்தபடியே.

"எத்தனை வருஷம் உக்காந்துட்டேன்!" அவள் அவனிடம்தான் சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "சல்லடை கேட்டு உன் வீட்டுக்கு வந்தேன் அக்கா. வாத்தியார் ஊர்ல இல்லைன்னே. ஆனா அடுப்புகிட்ட ரெண்டு காப்பிக் கிண்ணம், ரெண்டுலயும் ஆவி. குதிர் பக்கம் நீ ஒரு சிரிப்பு சிரிச்சே. எனக்கு எரிஞ்சுது. இவரு உன் வேலியத் தாண்டும்போதெல்லாம் நடை மெதுவாகும், தெரியுமா? உன் காப்பி வாசனையச் சொல்லிக்கிட்டே என் காப்பியக் குடிப்பாரு. ரோட்டுமுனையில சிப்பாய் நின்னான். சொல்லிட்டேன். ரெண்டு நாள் உள்ள வச்சிட்டு அனுப்பிடுவாங்க, நீயும் ஒரு ரெண்டு நாள் அழணும்னுதான் நெனச்சேன். சத்தியமா அவ்வளவுதான் நெனச்சேன்."

யெஷி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மறுநாள் மத்தியானம், கூடத்துல இருக்கறவங்கள ராத்திரி கொண்டு போகப் போறாங்கன்னு இவரு சொன்னாரு. நான் கால்ல விழுந்தேன். பொறாமையில சொல்லிட்டேன், வாத்தியார விட்ருன்னு கெஞ்சினேன். அதை யாரோ ஜன்னல் வழியாப் பாத்துட்டாங்க. ஏன்டி அழுதேன்னு கேட்டப்போ கனவுன்னு சொல்லிட்டேன். கனவும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் வாசலுக்கு வந்தா இவரு எல்லாத்தையும் சொல்லணும், என்னையும் சேத்துச் சொல்லணும். அதான் வரல. எனக்கும் வாய் வரல."

அவளும் வந்து அவன் பக்கத்தில் விழுந்தாள். கல் இல்லை அவளிடம்.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. சொன்னால் வெட்கம், ஆனால் அதுதான் உண்மை. முதலில் வந்தது ஆச்சரியம். என்மேல் பொறாமையா? என்னிடம் என்ன இருந்தது? ஒழுகுகிற கூரை, சம்பளம் மாசக் கடைசிவரை எட்டாத ஒரு வாத்தியார். அவர் குதிருக்குப் பின்னால் இருந்து ஏதோ கிண்டல் சொன்னார், நான் சிரித்தேன். என்ன சொன்னார் என்பதுகூட எனக்கு இப்போது நினைவில்லை. இவளுக்கு அந்தச் சிரிப்பு நினைவிருக்கிறது.

பிறகு கோபம் வந்தது. அவள் கொண்டையைப் பிடித்து இழுக்கலாமா என்று கைகூட நீண்டது. ஆனால் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்த வார்த்தை. அவள் சிறைக்குச் சோற்றுக் கூடை தூக்கிப் போன நாட்களில், அந்தக் கூடை ஒருநாள் திரும்பி வரட்டும், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பட்டும் என்று நான் மெர்கோரியோஸிடமே கேட்டிருக்கிறேன். என் ரோட்டுமுனையில் சிப்பாய் யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தால்? நீண்ட கை கீழே வந்துவிட்டது.

"எந்திரிடி" என்றேன். "கடவுளுக்காக விட்டேன்."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அல்கானேஷ் நம்பாமல் பார்த்தாள். பெண்கள் குலவையிட ஆரம்பித்தார்கள். தஃபெரே நிம்மதியாகக் கோப்பையின் துணியை விலக்கினார்.

"அதை மூடுங்க" என்றேன். "இன்னொருத்தர் கெடக்காரே."

பெஸாபி அசையவில்லை. நான் குனிந்து அவன் காதுக்கருகில் கேட்டேன், ஆனால் எல்லாருக்கும் கேட்கத்தான் கேட்டேன். "அவ பொறாமையில சொன்னான்னு உனக்கு மத்தியானமே தெரியும்?"

"தெரியும்."

"சாயங்காலம் வரைக்கும் சாவி உன்கிட்டதான்?"

"ஆமா."

"கூடத்துக்குப் பின்வாசல் உண்டு."

"உண்டு."

"அப்புறம்?"

"மத்த வாசல்ல எல்லாம் பயந்துட்டேன்னு சொன்னேன்." "அழுதாங்க, விட்டுட்டாங்க. பயம் நெஜம்தான், ஆனா அது அப்புறம் வந்தது, பொணத்தப் பாத்த பிறகு. அன்னைக்குச் சாயங்காலம் பயமே இல்ல, தெப்ரிது. சிப்பாய் வந்தான், கூடத்துச் சாவின்னான். கிடங்குச் சாவி கேட்டா எப்படிக் கொடுப்பேனோ அப்படிக் கொடுத்தேன். கையெழுத்துகூட வாங்க மறந்துட்டேனேன்னுதான் அப்போ நெனச்சேன். உன் புருஷன் ஞாபகம் ராத்திரி சாப்பிட உக்காந்தப்பத்தான் வந்துச்சு."

அல்கானேஷ்கூட அவனை அன்றுதான் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவளுக்கும் இது புதுசு.

"அம்மா, இவ்வளவு சொல்லிட்டான். பிலாத்துவையே ஆண்டவர் ஏத்துக்கிட்டாரு" என்றார் அபா.

"பிலாத்துவுக்குத் தலை போச்சு அபா, அப்புறம்தான் திருநாள் வந்துச்சு. நான் தலையக் கேக்கல." எழுந்துகொண்டேன். "கல்ல இறக்கி வை. நாளைக்கு என் வாசலுக்குத் தூக்கிட்டு வா. இதே வார்த்தைய அங்க வந்து சொல்லு. யெஷிக்குச் சொன்ன பாட்டு எனக்கு வேண்டாம்."

"மன்னிப்பியா?"

"வந்து கேளு."

அன்றைக்குச் சங்கத்தில் யாரும் குடிக்கவில்லை. தெல்லாவைப் பானையோடு மூடி வைத்துவிட்டு, கோதுமையைக் கொறித்தபடி எல்லாரும் நனைந்துகொண்டு வீடு போனார்கள். என்னைச் சபிக்காதவர்கள் குறைவு.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. பெரியவர்கள் நாலு பேர் வந்தார்கள். பின்னால் அவன். வேலியோரத்தில் ஊரே நின்றது, மேட்டுத் தெருக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். நான் கல்யாணத்துக்குக் கட்டிய வெள்ளைப் பாவாடையைக் கட்டியிருந்தேன், இடுப்பில் கொஞ்சம் பிடித்தது. அவன் விழுந்தான். எதையும் விடாமல் சொன்னான். கிடங்குச் சாவி, கையெழுத்து, ராத்திரிச் சாப்பாடு எல்லாம். மன்னித்துவிட்டிருந்த வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யெஷி வேலியைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

என் முறை. நான் வருஷக்கணக்காகத் தயாராக வைத்திருந்த "மாட்டேன்" நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அந்த "மாட்டேன்" வஞ்சம் வைத்து என் புருஷனைக் கொன்ற பெஸாபிக்காகச் செய்தது. அப்படி ஓர் ஆள் இருந்ததே இல்லை. கீழே கிடந்தவன் ஒரு கிழவன், சாவி கேட்டால் கொடுத்துப் பழகின கை. இவனிடம் போய் என்னத்தை மறுப்பது?

"கடவுளுக்காக விட்டேன்" என்றேன்.

கல் இறங்கியது. பெஸாபி எழுந்தான். அழுதான், பெரியவர்கள் அணைத்துக்கொண்டார்கள், யாரோ முதுகில் தட்டினார்கள். அவன் தெருவில் இறங்கி நடந்தபோது பார்த்தேன். தோள் நிமிர்ந்திருந்தது. வயசு பத்து குறைந்த மாதிரி நடந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்கு முடிந்துவிட்டது. நான் இன்று ராத்திரியும் தனியாகத்தான் சாப்பிட வேண்டும்.

கூட்டம் கலைந்தது. வேலிக் கதவருகில் அல்கானேஷ் மட்டும் நின்றிருந்தாள். புருஷனோடு போகவில்லை.

"என்னடி?"

"நேத்து விட்டேன்னு சொன்னே அக்கா. எனக்கு ஒண்ணும் இறங்கல." அவள் தெருவைப் பார்த்தாள். "அவரப் பாரேன், எவ்வளவு லேசாப் போறாரு. வீட்டுக்குப் போனதும் சாப்பிட்டுத் தூங்கிடுவாரு. பாக்கவே எரியுது எனக்கு."

"எனக்கும்தான்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். முக்கு திரும்பி மறைந்துவிட்டான்.

"உள்ள வா" என்றேன். "காப்பிக் கொட்டை வறுக்கணும். உன் புருஷன் பெருமையாச் சொன்ன காப்பி எப்படி இருக்குன்னு நீயும் குடிச்சுப் பாரு."